எடிட்டிங் மேசை: கல்யாண வீடியோவை எங்கே வைப்பது?

கேள்வி: அண்ணா, வணக்கம். மன்னார்குடியில் நானும் என் நண்பரும் சேர்ந்து கல்யாண வீடியோ எடுத்து, நாங்களே எடிட் செய்து கொடுக்கிறோம். வருடத்துக்கு முப்பது முகூர்த்தம் வரை வருகிறது. இரண்டு கம்ப்யூட்டர்கள் இருக்கின்றன. இதுவரை எடுத்ததெல்லாம் பதினொரு சிறிய போர்ட்டபிள் ஹார்ட் டிஸ்க்குகளில் கிடக்கிறது. எதில் எது இருக்கிறது என்று எங்களுக்கே தெரியவில்லை. நான்கு டிஸ்க் போடும் நாஸ் பெட்டி (நெட்வொர்க் வழியாக எல்லாக் கம்ப்யூட்டர்களும் பொதுவாகப் பயன்படுத்தும் சேமிப்புப் பெட்டி) ஒன்றை, 8 டெராபைட் டிஸ்க் நான்கும் சேர்த்து, 1,40,000 ரூபாய்க்குத் தருவதாகக் கடைக்காரர் சொல்கிறார். “ரெய்டு 5 போட்டுத் தருகிறேன், ஒரு டிஸ்க் போனாலும் எதுவும் போகாது, தனியாக பேக்கப் தேவையில்லை” என்கிறார். இதற்காகவே 1,50,000 ரூபாய் கடன் வாங்கியிருக்கிறோம். வாங்கலாமா?

பதில்: இந்த வருடம் வாங்காதீர்கள், தம்பி.

கடைக்காரர் சொன்னதில் முதல் பாதி உண்மை. ரெய்டு 5 என்பது நான்கு டிஸ்க்குகளையும் ஒரே பெரிய டிஸ்க்காகக் காட்டும். 32 டெராபைட்டில் உங்களுக்குக் கிடைப்பது 24. மீதி ஒரு டிஸ்க் அளவு இடம், மற்ற மூன்றில் இருப்பதைத் திரும்பக் கணக்கிட்டு எடுப்பதற்கான எண்களுக்குப் போய்விடும். அதனால் நான்கில் ஒன்று பழுதானாலும் வேலை நிற்காது. 1988-இல் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மூவர் ரெய்டு என்ற பெயரோடு தங்கள் ஆய்வுக் கட்டுரையை வெளியிட்டபோது அவர்கள் யோசித்ததும் இதைத்தான்: விலை குறைந்த பல டிஸ்க்குகளை ஒன்றாகக் கட்டி, அதில் ஒன்று போனாலும் ஓட்டம் நிற்காமல் பார்த்துக்கொள்வது.

இரண்டாம் பாதிதான் தவறு. உங்கள் நண்பர் தூக்கக் கலக்கத்தில் ஒரு கல்யாணத்தின் ஃபோல்டரை அழித்துவிட்டால், அது நான்கு டிஸ்க்கிலிருந்தும் ஒரே நொடியில் அழிந்துவிடும். வைரஸ் வந்தாலும் அப்படித்தான். மின்னழுத்தம் எகிறினால் நான்குக்கும் ஒரே பவர் சப்ளை. திருடன் வந்தால் தூக்கிக்கொண்டு போக வசதியாக ஒரே பெட்டி. இன்னொன்றையும் கடைக்காரர் சொல்லியிருக்க மாட்டார். ஒரு டிஸ்க் போய், புதியதைப் போட்டு, பழையபடி நிரப்புவதற்கு 8 டெராபைட் என்றால், விநாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் தடங்கல் இல்லாமல் ஓடினாலும் பதினைந்து மணி நேரம் ஆகும். அந்த நேரம் முழுவதும் மீதி மூன்றும் ஓய்வில்லாமல் ஓடும். அந்த மூன்றும் ஒரே நாளில், ஒரே கடையில், பெரும்பாலும் ஒரே தயாரிப்புத் தொகுதியிலிருந்து வாங்கியவை. முதல் டிஸ்க்குக்கு வந்த நோய் அவற்றுக்கும் வராது என்று யார் சொல்ல முடியும்?

என் கதையைச் சொல்கிறேன். இந்தப் பக்கத்தில் இதுவரை எழுதியதில்லை.

2015 டிசம்பர் 1-ஆம் தேதி. சைதாப்பேட்டையில் அடையாற்றுக்குப் பக்கத்துத் தெருவில், தரைத்தளத்தில் என் எடிட்டிங் அறை. செம்பரம்பாக்கத்தில் தண்ணீர் திறந்துவிட்ட செய்தி வந்தபோது நான் தாம்பரத்தில் மாட்டிக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் கதவைத் தள்ளித் திறந்தால் சுவரில் நெஞ்சு உயரத்துக்குச் சேற்றுக் கோடு. நான் அலட்சியமாகத் தொழில் செய்தவன் அல்ல. ஒவ்வொரு கல்யாணத்துக்கும் இரண்டு பிரதிகள் வைத்திருந்தேன், நீல டிஸ்க்கில் ஒன்று, கறுப்பு டிஸ்க்கில் ஒன்று. ஆனால் நீலமும் கறுப்பும் ஒரே மர அலமாரியின் ஒரே தட்டில் பக்கத்தில் பக்கத்தில் இருந்தன. அந்த ஐப்பசியிலும் கார்த்திகையிலும் எடுத்து, இன்னும் கொடுக்காமல் இருந்தவை பதினேழு கல்யாணங்கள். பதினாறு போய்விட்டன.

பிழைத்த அந்த ஒன்றும் என் கெட்டிக்காரத்தனத்தால் பிழைக்கவில்லை. பெண்ணின் சித்தப்பா ஒருவர், முகூர்த்தத்தன்று மாலையே தன் டிஸ்க்கைக் கொண்டுவந்து, “எடிட் செய்வதற்கு நாளாகும், அப்படியே ஒரு காப்பி போட்டுக் கொடுங்கள், வெளிநாட்டில் இருக்கும் பையனுக்குக் காட்ட வேண்டும்” என்று நச்சரித்து வாங்கிக்கொண்டு போயிருந்தார். அன்றைக்கு எனக்கு அது தொந்தரவாக இருந்தது.

பதினாறில் ஒரு வீட்டில், கல்யாணம் முடிந்த பத்தாம் நாள் மாப்பிள்ளையின் பாட்டி இறந்துபோனார். நலங்கு வைக்கும்போது அவர் பாடியதை முழுதாக எடுத்திருந்தேன். அந்தப் பேரன் வந்து என் எதிரில் உட்கார்ந்து, “மற்றதெல்லாம் போகட்டும் சார், அந்தப் பாட்டு மட்டும் எங்காவது இருக்குமா?” என்று கேட்டார். அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்தேன். அதை மட்டும்தான் என்னால் கொடுக்க முடிந்தது.

ஆகவே கடன் பணத்தை முதலில் எங்கே செலவழிக்க வேண்டும் என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை. வேகத்துக்கு முன், பெட்டிக்கு முன், இன்னொரு கூரையின் கீழ் இன்னொரு பிரதி. அமெரிக்கப் புகைப்படக்காரர் பீட்டர் க்ரோ இதை 3-2-1 என்று சுருக்கிச் சொன்னார்: மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்கள், அவற்றில் ஒன்று வேறு இடத்தில். எனக்கு அந்தக் கடைசி ‘ஒன்று’தான் இல்லாமல் போனது. உங்கள் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. 2018 நவம்பரில் கஜா வந்துபோன பிறகு மன்னார்குடி எத்தனை நாள் இருட்டில் கிடந்தது, எத்தனை வீட்டு ஓடு பறந்தது என்று உங்களுக்கே தெரியும்.

இப்போது கணக்குக்கு வருவோம். நீங்கள் இரண்டு கேமராக்களில் 4கே எடுப்பதாக வைத்துக்கொள்கிறேன். விநாடிக்கு 100 மெகாபிட் என்ற அமைப்பில் எடுத்தால் அது 12.5 மெகாபைட், மணிக்கு 45 ஜிபி. வரவேற்பும் முகூர்த்தமும் சேர்ந்து ஒரு கேமரா நாலரை மணி நேரம் ஓடினால் இரண்டுக்குமாக 405 ஜிபி. ட்ரோன், தனி ஆடியோ எல்லாம் சேர்த்து 450 என்று கொள்ளுங்கள். முப்பது கல்யாணத்துக்கு 13.5 டெராபைட். கேமராவில் 200 மெகாபிட் என்று மாற்றி வைத்திருந்தால் இது இரட்டிப்பாகும், முதலில் அதைப் பாருங்கள். மண்டபத்தின் மேடையை நாள் முழுக்க முக்காலியில் நின்று எடுக்கும் கேமராவுக்கு அவ்வளவு தேவையில்லை.

வாங்க வேண்டியவை இவை. இரண்டு கம்ப்யூட்டருக்கும் ஆளுக்கொன்றாக 2 டெராபைட் என்.வி.எம்.இ. வகை எஸ்.எஸ்.டி. (சுழலும் தட்டில்லாத அதிவேக டிஸ்க்). எடிட்டிங் நடப்பது அதில் மட்டும்தான். ஆளுக்கு மூன்று கல்யாணம் கையில் இருந்தால் 1,350 ஜிபி, வசதியாக அடங்கும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கிலிருந்தே எடிட் செய்யலாமே என்பீர்கள். ஒரே கோப்பை நேராகப் படிக்கும்போது அது போதுமான வேகம் கொடுக்கும். ஆனால் நான்கு கோணங்களை ஒன்றாக ஓட்டினால் அதன் முள் இங்கும் அங்கும் தாவித் தாவிப் படிக்க வேண்டியிருப்பதால் திணறிவிடும்.

அடுத்து, 8 டெராபைட்டில் நான்கு பெரிய ஹார்ட் டிஸ்க்குகள், அவற்றைச் செருகி எடுக்க ஒரு டாக். இரண்டு டிஸ்க்குகள் ‘அ’ வரிசை, ஸ்டூடியோவில் இருக்கும். இரண்டு ‘ஆ’ வரிசை, ஸ்டூடியோவில் இரவு தங்கவே கூடாது. ஒரு வருட வேலை ஒரு வரிசைக்குள் அடங்கும். நான்கையும் ஒரே கடையில் ஒரே நாளில் வாங்காமல் இரண்டிரண்டாகப் பிரித்து வாங்குங்கள். கடைசியாக ஒரு யு.பி.எஸ்.; எழுதிக்கொண்டிருக்கும் டிஸ்க்குக்குக் கரண்ட் போவதைவிடக் கெடுதல் வேறில்லை. இவையெல்லாம் சேர்ந்து நாஸ் விலையைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எஸ்.எஸ்.டி.யில் ஒன்றைப் பிறகு வாங்குங்கள். டிஸ்க்கின் எண்ணிக்கையைக் குறைக்காதீர்கள்.

வாங்கும்போது அந்த டிஸ்க் சி.எம்.ஆர். வகையா, எஸ்.எம்.ஆர். வகையா என்று கேளுங்கள். சி.எம்.ஆர். டிஸ்க்கில் பதிவுத் தடங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக இருக்கும். எஸ்.எம்.ஆர். டிஸ்க்கில் தடங்கள் ஓட்டு வீட்டுக் கூரைபோல ஒன்றின்மேல் ஒன்று கொஞ்சம் ஏறி இருக்கும். நடுவில் ஒரு ஓட்டை மாற்றப் பக்கத்து ஓடுகளையும் பிரிக்க வேண்டும் அல்லவா, அதே சிக்கல் இங்கும் உண்டு; நிறைய எழுதும்போது வேகம் தரைக்கு வந்துவிடும். 2020-இல் வெஸ்டர்ன் டிஜிட்டலின் ரெட் வரிசையில் இதைச் சொல்லாமல் விற்றது பெரிய புகாரானது. நிறுவனங்கள் எந்த மாடல் எந்த வகை என்று பட்டியல் வெளியிட்டது அதற்குப் பிறகுதான். வீட்டுக்குக் கொண்டுவந்ததும் கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் டிஸ்க் எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். புதிய டிஸ்க் என்றால் பூஜ்யமோ ஒன்றிரண்டோதான் காட்ட வேண்டும். ஆயிரக்கணக்கில் காட்டினால் அன்றே திருப்பிக் கொடுங்கள்.

இனி வழக்கம். சாதனத்தைவிட இதில்தான் தொழில் நிற்கிறது. மண்டபத்திலிருந்து வந்ததும், எவ்வளவு களைப்பாக இருந்தாலும், கார்டில் இருப்பதை ஃபோல்டர் அமைப்போடு முழுதாக எஸ்.எஸ்.டி.க்கும் ‘அ’ டிஸ்க்குக்கும் ‘ஆ’ டிஸ்க்குக்கும் ஏற்றுங்கள். வீடியோ கோப்புகளை மட்டும் பொறுக்கி இழுத்துப் போடாதீர்கள். விண்டோஸில் இழுத்துப் போட்டால் ‘முடிந்தது’ என்றுதான் சொல்லும், இங்கே இருப்பதும் அங்கே போனதும் ஒன்றுதானா என்று ஒப்பிட்டுப் பார்க்காது. டாவின்சி ரிசால்வ் என்ற எடிட்டிங் மென்பொருளில் மீடியா பக்கத்தில் ‘குளோன் டூல்’ இருக்கிறது. அது ஒவ்வொரு கோப்புக்கும் கைரேகைபோல ஓர் எண்ணைக் கணக்கிட்டு இரண்டையும் ஒப்பிடும். டெராகாப்பி என்ற மென்பொருளும் அதைச் செய்யும். ஒப்பீடு முடிந்து, ‘ஆ’ டிஸ்க் உங்கள் பையில் ஏறி வீட்டுக்குப் போன பிறகுதான் கார்டை ஃபார்மட் செய்யலாம். அதுவரை அந்தக் கார்டை எழுத முடியாதபடி பூட்டி, தனிப் பெட்டியில் வையுங்கள். கேமராவில் இரண்டு கார்டு இடம் இருந்தால் இரண்டிலும் ஒரே நேரத்தில் பதியும்படி வையுங்கள், நிறையப் பேர் இரண்டாவதைக் காலியாகவே விட்டுவைத்திருக்கிறார்கள்.

ரிசால்வில் வேலை செய்பவர்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். உங்கள் புராஜெக்ட் வீடியோ ஃபோல்டருக்குள் இருப்பதில்லை. அது ரிசால்வின் டேட்டாபேஸில் வேறெங்கோ இருக்கிறது. அசல் பதிவு முழுவதையும் பத்திரமாக வைத்துவிட்டு, கம்ப்யூட்டர் கெட்டுப் புதிதாக மென்பொருள் ஏற்றும்போது, இருபது நாள் வெட்டி ஒட்டிய வேலை காணாமல் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேலை நாள் முடியும்போது புராஜெக்டை எக்ஸ்போர்ட் செய்து, அந்தச் சிறு கோப்பை ‘அ’விலும் உங்கள் மின்னஞ்சலிலும் போடுங்கள். வேகத்துக்காக மென்பொருள் தற்காலிகமாக உருவாக்கும் கேஷ் கோப்புகளை பேக்கப் எடுக்க வேண்டாம். அவை தாமே மறுபடி உருவாகும்.

கிளவுடில் ஏற்றலாமே என்று அடுத்த கடிதத்தில் கேட்பீர்கள். அசல் பதிவை ஏற்ற முடியாது. உங்கள் இணைப்பு மேலே அனுப்பும் வேகம் 40 மெகாபிட் என்றால் 450 ஜிபி போக 25 மணி நேரம் ஆகும், அதுவும் ஒரு கல்யாணத்துக்கு. வைகாசியில் வாரத்துக்கு மூன்று வந்தால் என்ன செய்வீர்கள்? ஆனால் முடிந்த படம் 60 ஜிபிக்குள் இருக்கும். இரவு மூன்றரை மணி நேரத்தில் போய்விடும். முப்பதும் சேர்ந்து 1.8 டெராபைட், 2 டெராபைட் திட்டம் போதும். முடிந்த படத்துக்குக் கிளவுட், அசல் பதிவுக்கு டிஸ்க், அவ்வளவுதான். கம்ப்யூட்டர் ஃபோல்டரோடு தானாக ஒத்துப்போகும் வசதியைப் பயன்படுத்தாதீர்கள். இங்கே அழித்தால் அங்கேயும் அழிந்துவிடும், கூகுள் டிரைவின் குப்பைத்தொட்டியில் முப்பது நாள்தான் இருக்கும். கிளவுட் என்பதும் எங்கோ ஒரு கட்டடம்தான். 2021 மார்ச் 10 அன்று பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர் நகரில் ஓ.வி.எச். நிறுவனத்தின் கட்டடம் எரிந்தபோது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்களுக்கு, சைதாப்பேட்டையில் எனக்கு நடந்ததுதான் நடந்தது.

படத்தைக் கொடுத்த பிறகு எஸ்.எஸ்.டி.யைக் காலி செய்துவிடலாம். அப்போது அசல் பதிவு ‘அ’, ‘ஆ’ என்று இரண்டாகக் குறையும். மூன்றாவதை வாடிக்கையாளர் வீட்டில் வையுங்கள். ஒரு சிறு டிஸ்க்கின் விலையைப் பேக்கேஜிலேயே சேர்த்து, அசல் பதிவையும் முடிந்த படத்தையும் அதில் போட்டுக் கையில் கொடுத்து, ஆர்டர் படிவத்தில் ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்: அசல் பதிவை நாங்கள் ஒரு வருடம் வைத்திருப்போம், அதற்குப் பிறகு வைத்திருக்க ஆண்டுக்கு இவ்வளவு கட்டணம். இதைச் சொல்லக் கூச்சப்படாதீர்கள். நான்கு வருடம் கழித்து வந்து கேட்பவரிடம் ‘இல்லை’ என்று சொல்வதுதான் கூச்சமான விஷயம். ஆண்டு முடிந்த ‘ஆ’ டிஸ்க்குகளை ஊரிலேயே வைக்காமல் திருச்சியிலோ கோயம்புத்தூரிலோ இருக்கும் உறவினர் வீட்டுக்குக் கொண்டுபோங்கள். மாடி வீடாக இருந்தால் நல்லது.

ஆடி மாதம் உங்களுக்குக் கல்யாணம் இருக்காது. அதை ஒத்திகை மாதமாக வைத்துக்கொள்ளுங்கள். ‘ஆ’ டிஸ்க்கிலிருந்து ஏதாவது ஒரு கல்யாணத்தை எடுத்து, அதை எடிட் செய்யாத மற்ற கம்ப்யூட்டரில் புராஜெக்டோடு திறந்து, முழுதாக ஓட்டிப் பாருங்கள். 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் என்ற மென்பொருள் நிறுவனத்தில் ஓர் ஊழியர் தவறுதலாகத் தகவல் தளத்தை அழித்துவிட்டார். ஐந்து வகை பேக்கப் ஏற்பாடுகள் வைத்திருந்தார்கள். ஐந்தும் கைகொடுக்கவில்லை. வேறு வேலைக்காக ஆறு மணி நேரத்துக்கு முன் ஒருவர் எடுத்துவைத்த பிரதிதான் காப்பாற்றியது. அவ்வளவு பெரிய இடத்திலேயே யாரும் திறந்து பார்க்காமல் இருந்திருக்கிறார்கள்.

ஆயுத பூஜைக்கு எல்லா டிஸ்க்கும் வெளியே வரட்டும். அன்று ஒவ்வொன்றையும் மாட்டி, ஓடுகிறதா என்று பார்த்து, நோட்டில் தேதி எழுதுங்கள். சந்தனம் வைக்கும்போது ‘மூடாதே’ என்று எழுதிய சிறு துளை இருந்தால் அதன்மேல் படாமல் வையுங்கள்; உள்ளே காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான துளை அது.

நாஸ் வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. மூன்றாவது, நான்காவது எடிட்டர் வந்து, ஒரே பதிவை எல்லோரும் ஒரே நேரத்தில் தொட வேண்டிய நாள் வந்தால் வாங்குங்கள். அப்போதும் சாதாரண கிகாபிட் நெட்வொர்க்கில் விநாடிக்கு 110 மெகாபைட்தான் வரும் என்பதையும், அந்தப் பெட்டிக்கும் ‘ஆ’ வரிசை தேவை என்பதையும் மறக்காதீர்கள்.

இன்றிரவு செய்ய வேண்டியது வேறு. அந்தப் பதினொரு டிஸ்க்குகளில் இன்னும் கொடுக்காத கல்யாணங்கள் எவை என்று பார்த்து, அவற்றை மட்டுமாவது இன்னொன்றில் ஏற்றி உங்கள் நண்பர் வீட்டுக்கு அனுப்புங்கள். புதிய டிஸ்க் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

கேள்வி: 8 டெராபைட் என்று எழுதிய டிஸ்க் வாங்கினேன். கம்ப்யூட்டர் 7.27 என்று காட்டுகிறது. கடையில் ஏமாற்றிவிட்டார்களா? (ஓசூர் வாசகர்)

பதில்: இல்லை. தயாரிப்பவர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுகிறார், விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது. பொருள் அதேதான். அந்த 7.27-லும் பத்தில் ஒரு பங்கைக் காலியாகவே விடுங்கள்.

கேள்வி: அண்ணா, நாகர்கோவிலில் வீட்டிலிருந்தே எடிட்டிங் செய்கிறேன். நேற்று மேசையிலிருந்து ஹார்ட் டிஸ்க் கீழே விழுந்துவிட்டது. இப்போது மாட்டினால் ‘டிக், டிக்’ என்று சத்தம் மட்டும் வருகிறது. ஃப்ரீசரில் ஒரு மணி நேரம் வைத்து எடுத்தால் சரியாகும் என்று தெரிந்தவர் சொல்கிறார். அதில் இரண்டு காதுகுத்து, ஒரு வளைகாப்பு இருக்கிறது. பிரதி இல்லை.

பதில்: தங்கையே, ஃப்ரீசரில் வைக்காதீர்கள். இனி ஒரு தடவைகூட மாட்டியும் பார்க்காதீர்கள். உள்ளே தட்டு நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான சுற்று சுழல்கிறது. படிக்கும் தலை அதைத் தொடாமல் மயிரிழையைவிடப் பல மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்க வேண்டும். விழுந்த அதிர்ச்சியில் அந்தத் தலை வளைந்திருந்தால், நீங்கள் மாட்டும் ஒவ்வொரு முறையும் அது தட்டின் மேற்பூச்சைச் சுரண்டுகிறது. சுரண்டப்பட்ட இடத்தில் இருந்தது யார் கையிலும் திரும்பி வராது. ஃப்ரீசரிலிருந்து எடுத்தால் உள்ளே ஈரம் படியும். நாகர்கோவில் காற்றில் சொல்லவே வேண்டாம்.

டிஸ்க்கைத் திறந்து வேலை செய்யத் தூசியில்லா அறை வைத்திருக்கும் மீட்பு நிறுவனத்திடம்தான் கொடுக்க வேண்டும். கொடுக்கும் முன் மூன்று கேளுங்கள்: பார்த்துச் சொல்லக் கட்டணம் உண்டா, எதுவும் கிடைக்காவிட்டால் பணம் உண்டா, திறப்பதற்கு முன் என்னிடம் சம்மதம் கேட்பீர்களா. எழுத்தில் வாங்குங்கள்.

அதற்கும் முன், இன்றே, கார்டுகளைத் தேடுங்கள். வளைகாப்பு எடுத்த கார்டை ஃபார்மட் செய்த பிறகு வேறெதற்கும் பயன்படுத்தாமல் இருந்தால், பதிவு பெரும்பாலும் அதிலேயே இருக்கும். ஃபார்மட் பல நேரங்களில் அட்டவணையை மட்டும்தான் அழிக்கிறது. போட்டோரெக் என்ற இலவச மென்பொருளால் தேடலாம். கிடைப்பதைக் கார்டிலேயே எழுதாமல் வேறு டிஸ்க்கில் எழுத வேண்டும். உடன் வந்த உதவியாளர், போட்டோ எடுத்தவர், முன்னோட்டம் அனுப்பிய வாட்ஸ்அப் என்று எல்லோரையும் கேளுங்கள். குடும்பத்தாரிடம் மறைக்காதீர்கள். அவர்கள் செல்போன்களில் எடுத்ததை இன்றைக்குக் கேட்டால் கிடைக்கும், மூன்று மாதம் கழித்துக் கேட்டால் அவர்களும் அழித்திருப்பார்கள்.

கேள்வி: பணம் கட்டாமல் கிடைத்த எடிட்டிங் பிளக்-இன் ஒன்றை இறக்கி ஏற்றினேன். மறுநாள் காலை எல்லாக் கோப்புகளின் பெயருக்குப் பின்னாலும் புரியாத நான்கு எழுத்து ஒட்டியிருக்கிறது. டாலரில் பணம் கேட்டு ஒரு குறிப்பும் இருக்கிறது. மாட்டியிருந்த பேக்கப் டிஸ்க்கிலும் இதே நிலை. (திருப்பூர் வாசகர்)

பதில்: உங்களைத் திட்டுவதற்கு இந்த இடத்தைச் செலவழிக்க மாட்டேன். நீங்கள் சொல்லும் அடையாளங்கள் ‘ஸ்டாப்’ என்ற பணம் பறிக்கும் வைரஸ் குடும்பத்தோடு பொருந்துகின்றன. கிராக் செய்த மென்பொருளோடு வருவதுதான் அதன் முக்கிய வழி. இணைய இணைப்பைத் துண்டியுங்கள், டிஸ்க்கைக் கழற்றுங்கள், எந்தக் கோப்பையும் அழிக்காதீர்கள், பணம் அனுப்பாதீர்கள். 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணில் புகார் பதியுங்கள்.

உங்கள் தொழிலுக்கு மட்டும் ஒரு நல்ல செய்தி உண்டு. இந்த வைரஸ் அவசரக்காரன். பெரிய கோப்பு முழுவதையும் பூட்ட நேரம் ஆகும் என்பதால் ஒவ்வொரு கோப்பிலும் முதல் 150 கிலோபைட் அளவை மட்டும் பூட்டிவிட்டு அடுத்ததற்கு ஓடிவிடும். 10 ஜிபி வீடியோவில் அது ஒரு துளி. மீதி அப்படியே இருக்கிறது. சேதமான எம்.பி.4 கோப்புகளைச் சரிசெய்யும் மென்பொருள்களுக்கு, அதே கேமராவில் அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால், பல வீடியோக்கள் உயிர்பெறும். கேமராவை எடுத்து, அன்று வைத்த அதே அமைப்பில் இரண்டு நிமிடம் பதிந்துகொள்ளுங்கள். அமைப்பை மாற்றும் முன் இதைச் செய்யுங்கள். எம்சிசாஃப்ட் நிறுவனம் இந்தக் குடும்பத்தின் சில வகைகளுக்கு இலவசத் திறப்பானும் வைத்திருக்கிறது, அதையும் முயலுங்கள். சரிசெய்யும் வேலை எல்லாவற்றையும் வேறு சுத்தமான கம்ப்யூட்டரில், பிரதியின் மீது செய்யுங்கள்.

பேக்கப் டிஸ்க் ஏன் போனது என்று கேட்டிருக்கிறீர்கள். மாட்டியே வைத்திருந்ததால். காப்பி முடிந்ததும் கழற்றிவிட வேண்டும்.

கேள்வி: அப்பா 1999 முதல் 2010 வரை எங்கள் ஊரில் வீடியோ எடுத்தார். போன வருடம் காலமானார். பரணில் சுமார் 200 மினி டி.வி. கேசட்டுகள் இருக்கின்றன. கேமராவும் இருக்கிறது. எடைக்குப் போட மனம் வரவில்லை. என்ன செய்யலாம்? (பரமக்குடி வாசகி)

பதில்: போடாதீர்கள் அம்மா. அந்தக் காலத்தில் எங்களைப் போன்றவர்கள் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் புதிய கேசட் வாங்கினோம். படம் கொடுத்த பிறகும் அசல் எங்கள் அலமாரியிலேயே தங்கியது. அதற்காக நாங்கள் தனியாக எதுவும் செய்ய வேண்டியிருக்கவில்லை. கார்டு வந்த பிறகுதான் அடுத்த கல்யாணத்துக்காக முந்தைய கல்யாணத்தின் அசலை நாமே அழிக்கிறோம். உங்கள் பரணில் இருப்பது அப்பாவின் கைபட்ட அசல்.

கேசட்டைவிட அதை ஓட்டும் கேமராதான் முதலில் சாகும். அதனால் தாமதிக்க வேண்டாம். அந்தக் கேமராவிலிருந்து ஃபயர்வயர் கேபிள் வழியாகப் படத்தை இறக்க வேண்டும். புதிய கம்ப்யூட்டர்களில் அந்தத் துளை இல்லை, பழைய கம்ப்யூட்டர் ஒன்றைத் தேடுங்கள். மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பி வழியாக இறக்கினால் தரம் குறையும். ஒரு மணி நேரக் கேசட் 13 ஜிபி. இருநூறும் சேர்ந்து 2.6 டெராபைட்தான், 4 டெராபைட் டிஸ்க் இரண்டு வாங்கினால் போதும். ஒரு மணி நேரக் கேசட்டை இறக்க ஒரு மணி நேரம் ஆகும், வேகமாக ஓட்ட முடியாது. தினமும் இரண்டு என்றால் மூன்றரை மாதம். பூஞ்சை பிடித்ததை கேமராவில் போடாதீர்கள். அது கேமராவின் படிக்கும் தலையைக் கெடுத்து மற்றவற்றையும் ஓட்ட முடியாமல் செய்துவிடும். வெண்மையாகப் படிந்திருப்பவற்றைத் தனியாக ஒதுக்கிவிட்டு, சுத்தமாக இருப்பவற்றிலிருந்து ஆரம்பியுங்கள். கேசட்டின் முதுகில் அப்பா எழுதியிருக்கும் பெயரையும் தேதியையும் அப்படியே கோப்பின் பெயராக வையுங்கள். அந்தக் குடும்பங்களில் பலர் இன்னும் உங்கள் ஊரிலேயே இருப்பார்கள்.